அக்காவுக்கு அல்வா!

“ஏன் அண்ணாச்சி, பஸ் ஏதும் ஓடலியா?”

நாங்குநேரி தாண்டி ஒரு டீக்கடை. ‘சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறேன், கன்னியாகுமரி போகிறேன்’ என்று நான் பெருமையாகச் சொன்னதும் கடைக்காரர் கேட்ட கேள்வி இது. கிண்டல் இல்லை. நிஜமான கவலை. ஊரில் ஏதோ ஸ்டிரைக் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார் மனுஷர்!

2019 ஜூலை. என் பயணத்தின் ஒன்பதாவது நாள். கடைசி நாளும்கூட. தாம்பரத்தில் கிளம்பி விழுப்புரம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி என்று அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தனியாக மிதித்தாகிவிட்டது. கியர் இல்லாத பழைய கறுப்புச் சைக்கிள். சும்மாவே இருபது கிலோ இருக்கும். கேரியரில் ஒரு பை, பம்பு, ரெண்டு டியூப். ஓட்டுபவருக்கு வயது ஐம்பத்தாறு. விருப்ப ஓய்வு வாங்கி ஆறு மாதம். சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம்.

“ரிட்டயர் ஆனவங்க காசிக்குப் போவாங்க. இல்லேன்னா மொட்டை மாடியில தக்காளிச் செடி வைப்பாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போவுது?” என்றாள் மனைவி.

1923-ல் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பி, அதில் மூன்று பேர் 1928-ல் வெற்றிகரமாகத் திரும்பி வந்த கதையை அவளிடம் சொன்னேன். “அவங்களுக்கு சுகர் இருந்துதா?” என்று கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்ல?

டாக்டர் பரவாயில்லை. போகலாம் என்றார். ஆனால் கண்டிஷன் போட்டார்: “மாத்திரை போட்டுட்டு வயித்தைக் காயப்போடக் கூடாது. மணிக்கொரு தரம் ஏதாவது சாப்பிடணும். பாக்கெட்டுல குளுக்கோஸ் இருந்துட்டே இருக்கணும்.” எட்டு நாள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அதைக் கடைப்பிடித்தேன். ஒன்பதாவது நாள்தான் கோட்டை விட்டேன்.

கடைசி நாளில் ஒரு விபரீதம் இருக்கிறது, சார். எட்டு நாளும் வலிக்காத இடமெல்லாம் அன்றைக்கு வலிக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் ஹேண்டில்பார் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சீட்டில் எந்தப் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தாலும் ‘ஐயோ’. காரணம் என்னவென்றால், மனசு விடியற்காலையிலேயே கன்னியாகுமரிக்குப் போய்ச் சேர்ந்து, கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. உடம்பு மட்டும் தனியாகப் பின்னால் மிதித்துக்கொண்டு வருகிறது.

திருநெல்வேலியிலிருந்து நேராகப் போனால் கன்னியாகுமரி எண்பத்தைந்து கிலோமீட்டர். நான் நாகர்கோவில் சுற்றிப் போவதாகத் திட்டம். அதனால் நூறு. சுற்றுவதற்குக் காரணம், அக்கா. வடிவீஸ்வரத்தில் இருக்கிறாள். “பன்னிரண்டு மணிக்கு சாப்பாட்டுக்கு வந்துடறேன். திருநெல்வேலி அல்வா வாங்கிட்டு வர்றேன்” என்று போனில் சொல்லியிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் வரிசையில் நின்று அரைக் கிலோ வாங்கி, பையில் பத்திரமாக வைத்தாயிற்று.

அக்கா சமையல் என்பதால் வயிற்றில் இடம் இருக்கட்டும் என்று ஒரு யோசனை. காலை ஐந்து மணிக்கு லாட்ஜில் மாத்திரையைப் போட்டேன். அந்த நாங்குநேரி டீக்கடையில் ரெண்டே ரெண்டு இட்லி. குளுக்கோஸ் பாக்கெட் கோவில்பட்டியிலேயே காலி. புதிதாக வாங்கவில்லை. ‘இன்னும் ஒரு நாள்தானே!’

வள்ளியூர் வரை காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது. பக்கக் காற்றில் லாரி தாண்டிப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். லாரி காற்றை மறைக்கிற அந்த ரெண்டு செகண்டில், காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிற நாம் லாரியை நோக்கிப் போவோம். லாரி போனதும் காற்று திரும்ப அறைந்து ரோட்டோரக் கள்ளியில் கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கும். நாலு வழிச் சாலையில் நிமிஷத்துக்கு ஒரு லாரி. வேடிக்கைக்குக் கணக்கே இல்லை.

பணகுடி தாண்டும்போது வலப்பக்கம் மகேந்திரகிரி. ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற இஸ்ரோ மையம் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. எனக்கும் ஒன்று மாட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

காவல்கிணறு விலக்கில் மேற்கே திரும்பினேன். திரும்பியதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது மாதிரி சைக்கிள் நின்றது.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் ஒரு வாசல் மாதிரி இடைவெளி இருக்கிறது. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே அதுதான் கிழக்கு வாசல். 1809-ல் வேலுத்தம்பி தளவாயோடு நடந்த சண்டையில் வெள்ளைக்காரப் படை உள்ளே புகுந்ததும் இந்த வழியாகத்தான். தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக் கடலிலிருந்து வருகிற காற்று மலையில் முட்டி, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. புனல் வழியாக எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. ஊர் மலைக்குப் பேரே காற்றாடி மலை! முப்பந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் முளைத்திருப்பதும் இதனால்தான்.

இதே ரோட்டில் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்! ஜன்னலோரம் உட்கார்ந்து, ‘அடடா, எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது’ என்று ரசித்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தபோது ஒவ்வொன்றும் எனக்கு எதிராகக் கையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிற ராட்சசனாகத் தெரிந்தது.

காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். ஸ்கூலில் படித்தது. தொடைக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். எழுந்து நின்று மிதித்தால் உடம்பே பாயாகி இன்னும் அதிகமாகத் தள்ளியது. குனிந்தால் இடுப்பு கெஞ்சியது. ஒரு கிழவி தலையில் விறகுக் கட்டோடு என்னைத் தாண்டிப் போனாள். நடந்துதான்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கத்தில் வரும்போது மணி பன்னிரண்டரை. கை நடுங்கியது. களைப்பு என்று நினைத்தேன். சட்டை நனைந்தது. ஆனால் வியர்வை ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில்! ரோட்டின் வெள்ளைக்கோடு ரெண்டாகத் தெரிந்தது. சைக்கிளை ஸ்டாண்ட் போட முயன்றேன். நாற்பது வருஷமாகப் போடுகிற ஸ்டாண்ட், எப்படிப் போடுவது என்று மறந்துபோயிற்று. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை இறங்குகிறது! ரத்தத்தில் எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. பாக்கெட்டைத் தடவினேன். சில்லறை, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், சீப்பு. வாயைத் திறந்து யாரையாவது கூப்பிடலாமென்றால் நாக்கு எழும்பவில்லை.

பையில்... அல்வா!

நடுங்குகிற கையால் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். அரைக் கிலோ அல்வாவை ரோட்டோரம் புழுதியில் உட்கார்ந்து, விரலால் வழித்து வழித்து, குழந்தை மாதிரி மேலெல்லாம் பூசிக்கொண்டு தின்றேன். எட்டு நாளாக இனிப்பே தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவன்!

கோயிலில் கும்பிட லாரியை நிறுத்தியிருந்த டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். விஷயத்தைப் புரிந்துகொண்டு, எங்கிருந்தோ ஒரு கிளாஸில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துவந்து புகட்டினார். கால் மணி நேரத்தில் ரோட்டின் கோடு ஒன்றானது.

“வண்டில ஏத்திருவோமா அண்ணாச்சி? சைக்கிளையும் மேல போட்டுருவோம். நாரோயில்ல இறக்கி விட்டுருதேன்.”

கண்ணீர் வந்துவிட்டது. ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுந்து லாரி வரை போனேன்கூட. ஆனால் அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பிறகு இந்தப் பத்துப் பதினைந்தை விட்டுவிட்டால், அப்புறம் யாரிடம் சொன்னாலும் ‘ஆனா நடுவுல கொஞ்சம் லாரியில...’ என்று ஒரு வால் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பிடிக்கவில்லை. இது வீரம் இல்லை, வறட்டுப் பிடிவாதம். அந்த நிலையில் நீங்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து லாரியில் ஏறிவிடுங்கள்.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு, நாலு மட்டிப்பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். பழத்தைத் தின்று, இன்னும் அரை மணி உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். மிதிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டுகிறவரை நடைதான். தோவாளையில் பூ வாசனை மூக்கில் ஏறியபோது ஏறி உட்கார்ந்தேன். காற்று கொஞ்சம் மனது வைத்திருந்தது.

வடிவீஸ்வரம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் பேச்சு முழுக்க நாஞ்சில் நாடாகிவிட்டது.

“எத்தன மணிக்கு வாறேன்னு சொன்ன? இப்ப மணி என்ன? நானும் சாப்பிடாமத்தான் இருக்கேன்.”

உள்ளித்தீயல், அவியல், அப்பளம். பேசாமல் சாப்பிட்டோம். மோர் ஊற்றும்போது, “அல்வா எங்க?” என்றாள்.

பையிலிருந்து அதை எடுத்து வைத்தேன். கிழிந்த பொட்டலம், ஓரத்தில் நெய்யும் மண்ணுமாக எலுமிச்சம்பழ அளவு மிச்சம். நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் மத்தவங்களுக்கு அல்வா கொடுப்பாங்க, நான் எனக்கே கொடுத்துக்கிட்டேன் என்று ஜோக் அடித்துப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. எங்கள் அப்பாவும் சர்க்கரையில் போனவர்தான். அந்த மிச்சத்தை மண் போக வழித்து வாயில் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது ஒரு கால் கிலோ சர்க்கரையைப் பொட்டலம் கட்டி என் சட்டைப் பாக்கெட்டில் அவளே திணித்தாள். “போயிட்டு போன் பண்ணு” என்பதோடு சரி.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ரோடு தென்கிழக்கே போகிறது. காலையிலிருந்து என்னைக் கொன்றுகொண்டிருந்த அதே காற்று, இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது! சுசீந்திரம் கோபுரம் வந்தது தெரியவில்லை, போனது தெரியவில்லை. பெடலில் சும்மா காலை வைத்திருந்தேன். இருபது கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் போனேன்.

ஆறரை மணிக்குக் கடற்கரை. மேகம் மூடியிருந்ததால் சூரியனைக் காணோம். வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் சாம்பல் நிறத்தில் நின்றன. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். ஒரு குடும்பம் என்னை நோக்கி வந்தது. ஆகா, போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். “சார், எங்களை ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?” என்று போனை நீட்டினார்கள். எடுத்தேன். கை இன்னும் நடுங்கியதில் வள்ளுவர் கொஞ்சம் சாய்ந்துவிட்டார்.

மனைவிக்கு போன் போட்டேன்.

“வந்து சேர்ந்துட்டேன்.”

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“ஒழுங்கா சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். இனிப்பே தொடலை.”

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சட்டையைப் பிடிக்காத குறைதான். “அல்வால நெய் இருக்கு சார், சர்க்கரை ரத்தத்துல ஏற லேட்டாகும். உங்களைக் காப்பாத்தினது அந்த டிரைவர் குடுத்த சர்க்கரைத் தண்ணி. அல்வாவுக்குப் பெருமை குடுக்காதீங்க” என்றார்.

மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. இந்த வாரப் பத்திரிகையை எப்படியாவது வீட்டுக்குள் வராமல் தடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பேப்பர்காரப் பையனிடம் பேசியிருக்கிறேன்.