மூடிய லேப்டாப் ஏன் தூங்குகிறது?

வீரபாண்டி பனியன் கம்பெனி ஆபீஸ் மேசையில் சாம்பிள் துணிக்கும் சலான் கட்டுக்குமே இடம் போதாது. லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்து, பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இணைத்தால் அதுவே டெஸ்க்டாப். ஆனால் மூடியதும் அது தூங்கிவிடுகிறதே, எப்படி?

பெரும்பாலான லேப்டாப்களில் திரையின் சட்டத்துக்குள் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். கீழ்ப்பாகத்தில் அதை உணரும் சில்லு. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் மீது காந்தப்புலம் பட்டால், குறுக்குவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்தார். அந்த மின்னழுத்தம்தான் ‘மூடியாயிற்று’ என்ற தகவல். தையல் பிரிவில் உடைந்த ஊசி பொறுக்கும் காந்தத்தைச் சரியான இடத்தில் வைத்தால், திறந்திருக்கும் லேப்டாப்பும் தூங்கிவிடலாம். பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம்!

மூடினாலும் தூங்காமலிருக்க, விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் ‘டூ நத்திங்’ என்று மாற்றினால் போதும்.

சூடுதான் கவலை. சில மாடல்களில் வெப்பக்காற்று கீல் பக்கமாக வெளியேறும். கீபோர்டு வழியாகவும் கொஞ்சம் சூடு தணியும். மூடினால் இரண்டும் குறையும். போதாததற்கு நம் ஊர்ப் பஞ்சுத் தூசி, ஃபேனுக்குப் பின்னாலுள்ள உலோகத் தகடுகளில் கம்பளிபோல் படியும். அதைச் சுத்தம் செய்யாமல் மூடி ஓட்டுவது என் கணக்கில் வம்பு.

எந்நேரமும் சார்ஜரிலேயே கிடப்பதால், 100 சதவீதத்திலும் சூட்டிலும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். வசதியிருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். பேட்டரி உப்பினால் உடனே கழற்றக் கொடுத்துவிடுங்கள்.