ஐந்து லட்சம் பேர் நடுவே ஆறு நாற்காலி

இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவே கிடக்கும் பச்சைத் தீவு அயர்லாந்து. நம் மலேசியப் பிள்ளைகளில் சிலருக்கு அந்த நாடு புதிதல்ல. பினாங்கிலும் டப்ளினிலுமாகப் பகிர்ந்து மருத்துவம் படிக்கிற மாணவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், உலகத்தில் உழைக்கும் மக்கள் எப்படிப் பாடி ஆடி வாழ்கிறார்கள் என்று அறிய ஆசைப்படுகிற மற்ற எல்லோருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்தில் ஒரு பெரிய இசைத் திருவிழா நடக்கிறது. 'ஃபிளா கியோல்' என்பது அதன் பெயர். ஐரிஷ் மொழியில் 'இசை விழா' என்று பொருள். ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒரு முறை ஊர் மாறும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் முல்லிங்கார் என்ற ஊரில் நடந்தது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெக்ஸ்ஃபோர்டில் நடந்தது. முல்லிங்காரின் மக்கள்தொகை ஏறத்தாழ 22,000தான். ஆனால், விழா வாரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஐந்து லட்சம் பேர் வந்து போனதாக அமைப்பாளர்கள் கணக்குச் சொல்லும் அளவுக்கு இந்த விழாவுக்குக் கூட்டம் வருகிறது!

எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீதியில் கால் வைக்க இடமில்லை. நடைபாதை ஓரத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் பிடில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். காலடியில் திறந்து கிடக்கும் வாத்தியப் பெட்டியில் காசு விழுந்துகொண்டிருக்கும். நாற்சந்தியில் பெரிய மேடை, அதில் ஒலிபெருக்கி. கடை வாசல்களில் உள்ளே போக முடியாதவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'இவ்வளவு தூரம் வந்தும் சத்தத்தைத்தான் கேட்டோம், இசையைக் கேட்கவில்லையே!' என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு.

அவர்கள் தேடி வந்தது எங்கே இருக்கிறது? அதே ஊரில், பெரும்பாலும் அதே தெருவில், ஒரு பின்னறையில் இருக்கிறது. ஐந்தாறு நாற்காலி, நடுவே ஒரு சிறிய மேசை, சுற்றிலும் மூச்சு விடாமல் கேட்கிற பத்துப் பேர். அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

'செஷன்' என்றால் என்ன?

ஐரிஷ் கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதை 'செஷன்' என்கிறார்கள். இதற்கு மேடை கிடையாது. நுழைவுச் சீட்டும் கிடையாது. நடத்தி வைப்பவர் ஒருவர் கோலுடன் நிற்பதுமில்லை. முன்னால் இசைத்தாளும் இருக்காது. பிடில், மரத்தாலான புல்லாங்குழல், தகரக் குழல், அக்கார்டியன், பாஞ்சோ ஆகியவை இருக்கும். 'பவ்ரான்' என்றொரு தாள வாத்தியமும் உண்டு. நம் தப்பைப் போல ஒரு முகம் மட்டும் உள்ளது. ஆட்டுத்தோல் போர்த்தி, சின்னக் கோலால் வாசிப்பார்கள். எல்லாவற்றிலும் அரிய வாத்தியம் 'இல்லன் பைப்'. முழங்கையால் துருத்தியை அமுக்கி, அந்தக் காற்றால் குழலை ஒலிக்கச் செய்கிற வாத்தியம் அது.

ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பாகங்கள். ஒவ்வொரு பாகத்தையும் இரு முறை வாசிப்பார்கள். முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை வாசித்த பின், நிறுத்தாமலே இன்னொரு மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். 'ரீல்', 'ஜிக்', 'ஹார்ன்பைப்', 'போல்கா' என்று வகைகள் உண்டு. எல்லாமே ஆட்டத்துக்காகப் பிறந்த மெட்டுகள்.

சிறிய வட்டம் ஏன் முக்கியம் என்பதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டுதான். ஆனால் ஒவ்வொருவரும் அதில் போடுகிற நெளிவும் சுழிப்பும் வேறு. ஆறு பேர் இருந்தால் ஒருவர் போடுகிற நுணுக்கத்தை மற்றவர் கேட்டு, அடுத்த சுற்றில் பதில் சொல்லுவார். முப்பது பேர் சேர்ந்துவிட்டால் நுணுக்கமெல்லாம் அமுங்கிப் போய்விடும். வேகமும் சத்தமும்தான் மிஞ்சும்.

சமையலறையிலிருந்து மதுக்கடைக்கு

இந்த இசை மதுக்கடையில் பிறந்ததல்ல. குடியானவர்கள் வீட்டுச் சமையலறையிலும் நாற்சந்தியிலும் பிறந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவில் ஒரு வீட்டில் கூடுவார்கள். அடுப்படியை ஒதுக்கிவிட்டு ஆடுவார்கள். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குப் போனார்கள். போனவர்கள் மெட்டுகளையும் கூடவே கொண்டு போனார்கள். சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓ நீல் என்ற ஐரிஷ்காரர் அப்படிப் போனவர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்தார். 1903இல் அவர் வெளியிட்ட ஒரே புத்தகத்தில் 1,850 மெட்டுகள் இருந்தன.

பிறகு 1935ஆம் ஆண்டில் நடனக் கூடச் சட்டம் ஒன்று வந்தது. பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஊர்க் காவலர்களும் பாதிரிமார்களும் அதைக் காட்டி வீட்டு ஆட்டங்களையும் அடக்கினார்கள். பிடில்காரர்களுக்கு வாசிக்க இடமில்லாமல் போனது. ஏராளமானோர் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போய்க் கட்டட வேலையில் சேர்ந்தார்கள். அங்கே குடியிருந்ததோ ஒண்டுக் குடித்தனம். அதில் எங்கே வாத்தியம் வாசிப்பது? கேம்டன் டவுன், ஹாலோவே பகுதிகளில் இருந்த மதுக்கடைகளின் மூலையில் கூடினார்கள். இன்று நாம் காண்கிற செஷன், உழைக்கப் போன இடத்தில் அந்தத் தொழிலாளர்களிடையே இப்படி வளர்ந்த பழக்கம்தான். பின்னர் அது தாய்நாட்டுக்கும் திரும்பி வந்தது.

1951ஆம் ஆண்டில் 'கோல்டஸ்' என்ற இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு முல்லிங்காரில் முதல் விழா நடந்தது. பட்டிக்காட்டு இசை என்று படித்தவர்கள் முகம் சுளித்த காலம் அது. அந்த முகச்சுளிப்பைப் போக்கியதில் இந்த விழாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே, கூட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டம் இல்லாவிட்டால் இத்தனை பிள்ளைகள் பிடிலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

தேடும் வழி

சரி, அமைதியான வட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, நாள். பெருங்கூட்டம் வெள்ளி, சனி, ஞாயிறுகளில்தான் வரும். வாரத் தொடக்கத்திலேயே கலைஞர்கள் வந்துவிடுகிறார்கள். விழாவின் இசைப் பள்ளி வார நாட்களில்தான் நடக்கிறது. செவ்வாயோ புதனோ போனால் அவர்களை நிம்மதியாகக் கேட்கலாம்.

இரண்டாவது, நேரம். இரவு ஒன்பது மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்க்கலாம். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டு நாலு பேர் மூலையில் உட்கார்ந்து மெல்லத் தொடங்கியிருப்பார்கள்.

மூன்றாவது, இடம். வாசலில் ஒலிபெருக்கி வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். முன்னால் மைக் இருந்தால் அது கச்சேரி. சந்துக்குள் இருக்கும் சிறிய கடை, கடையின் பின்னறை, தங்கும் விடுதியின் முன்கூடம், ஊருக்கு வெளியே இருக்கும் கிராமம் ஆகிய இடங்களைப் பாருங்கள். வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயதானவர் ஒருவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று கவனிப்பதும் நல்ல வழி. தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்பது அதைவிட நல்லது.

நான்காவது, போட்டி அரங்கு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இந்த விழாவின் முதுகெலும்பே போட்டிகள்தான். வட்டாரத்திலும் மாநிலத்திலும் வென்று வந்த பிள்ளைகள் பள்ளிக்கூட அறைகளிலும் மண்டபங்களிலும் ஒவ்வொருவராக வாசிப்பார்கள். 12 வயதுக்குக் கீழ், 12 முதல் 15 வரை, 15 முதல் 18 வரை, பெரியவர்கள் என்று பிரிவுகள் உண்டு. வெளியே தெரு அதிர்ந்துகொண்டிருக்கும். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். சோகமான 'மெது மெட்டு' ஒன்றை ஒரு சிறுமி தனியாக வாசிப்பதைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஐந்தாவது, துணை. பத்துப் பேர் சேர்ந்து போகாதீர்கள். பத்துப் பேர் நுழைந்தால் சின்ன அறையின் அமைதி அப்போதே போய்விடும். இரண்டு பேர் போங்கள். போய் உட்கார்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். கலைஞர்களுக்கு ஒருவரோடொருவர் கை பழக நேரம் பிடிக்கும்.

மதுக்கடை என்றதும் நம் தாய்மார்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானதுதான், குடியால் குடும்பங்கள் கெட்டதை நாம் அறிவோம். ஆனால் அங்கே மதுக்கடை ஊர்ச் சாவடி மாதிரியும் இருக்கிறது. தேநீர் கேட்டால் தேநீர் தருவார்கள். யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். பகலில் பிள்ளைகளோடு குடும்பங்கள் வருவதும் உண்டு. சிறு பிள்ளைகள் இரவில் அங்கே இருக்கச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு

இடத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. எழுதி மாட்டாத சில ஒழுங்குகள் அங்கே உண்டு.

காலியாக இருக்கிறதே என்று வட்டத்துக்குள் இருக்கும் நாற்காலியில் உட்காரக்கூடாது. அது வரப்போகிற கலைஞருக்கானது. வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால், 'சேர்ந்துகொள்ளலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். தெரியாத மெட்டைத் தடவிக்கொண்டிருப்பது தவறு. பவ்ரான் ஒன்று ஒலிக்கும்போது இன்னொன்றை எடுக்கமாட்டார்கள். மெட்டைத் தொடங்கியவர் எந்த வேகத்தில் தொடங்கினாரோ அதுவே வேகம். கேட்பவர்கள் உற்சாக மிகுதியில் கைதட்டித் தாளம் போட்டால் கலைஞர்களின் கணக்குத் தவறும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது பாட்டு. திடீரென்று ஒருவர் வாத்தியத் துணையின்றிக் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்குவார். 'ஷான் நோஸ்' என்பார்கள். 'பழைய முறை' என்று பொருள். அப்போது கடைக்காரரே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவதுண்டு. பேச்சுச் சத்தம் கேட்டால், 'கியூனஸ்!' என்று யாராவது சொல்லுவார்கள். 'அமைதி' என்று பொருள். அந்தச் சொல்லுக்கு அங்கே மரியாதை அதிகம்.

இந்த ஒழுங்கெல்லாம் எதற்கு என்கிறீர்களா? அந்த மூலையில்தான் மெட்டு முதியவரிடமிருந்து இளையவருக்குக் கை மாறுகிறது. அறுபது வயதுக்காரர் வாசிக்க, பக்கத்தில் பதினாறு வயதுப் பெண் காது கொடுத்துக் கற்றுக்கொள்கிறாள். அவர்களுடைய காதுக்கும் வாத்தியத்துக்கும் இடையில் நம்முடைய சத்தம் புகுந்துவிடக்கூடாது.

தச்சர் ஒருவரின் பெயரால்

கை மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இல்லன் பைப்பே சாட்சி. 1968ஆம் ஆண்டு அதை வாசிப்பவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியபோது, வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. அந்தச் சிலரில் ஒருவர் வில்லி கிளான்சி. 1918இல் கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரின் அருகே பிறந்தவர். தொழில் தச்சு வேலை. அவரும் 1950களில் லண்டனுக்குப் போய் வேலை செய்து, தந்தை இறந்ததும் ஊர் திரும்பியவர். அந்தத் தந்தை, காரட் பாரி என்ற பார்வையற்ற நாடோடிக் கலைஞரின் இசையைக் கேட்டு வளர்ந்தவர். கேட்டதை மகனுக்குச் சொல்லித் தந்தார்.

1973 ஜனவரியில் வில்லி கிளான்சி காலமானார். அவர் நினைவாக அந்த ஆண்டு கோடையிலேயே நண்பர்கள் ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை மாதத் தொடக்கத்திலும் அது நடக்கிறது. காலையில் வகுப்பு, பிற்பகலில் பேச்சும் கச்சேரியும், இரவில் ஊர் முழுக்க செஷன். அந்தச் சிற்றூரும் இப்போது அந்த வாரத்தில் நிரம்பி வழிகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சில மைல் தள்ளியிருக்கும் குவில்ட்டி, முல்லா போன்ற கிராமங்களுக்குப் போய்விடுகிறார்கள். இல்லன் பைப் இசையை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நூறு பேர்கூட இல்லாமல் தேய்ந்த கலைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

உங்கள் பிள்ளையோ உறவினர் பிள்ளையோ அயர்லாந்தில் படித்துக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பி வையுங்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ விடுமுறை கிடைத்தால் ஒரு புதன்கிழமை பிற்பகலில் போய் வரச் சொல்லுங்கள். கூட தோழன் ஒருவன் போதும். தேநீர்க் கோப்பையோடு சுவரோரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் கேட்கட்டும். புறப்படும்போது, மெட்டைத் தொடங்கிய பெரியவரிடம் அதன் பெயர் என்ன, யாரிடம் கற்றார் என்று மரியாதையாகக் கேட்கட்டும். பெரும்பாலும் சிரித்த முகத்தோடு பதில் கிடைக்கும். அந்தப் பெயரை உங்களுக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.