மூன்று மீட்டர் பாதை விலையில் ஓர் ஏரி

ஸ்காட்லாந்தின் மலையடிவாரச் சிற்றூர்களுக்குப் பனிப்பாறைகள் ஏரி தோண்டிக் கொடுத்தன. 230 மீட்டர் ஆழமுள்ள நெஸ் ஏரிக்கும் கூலிக் கணக்கு கிடையாது. பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவோ இருப்பது சுமார் 900 மீட்டர் உயரப் பீடபூமியில். வற்றாத ஆறு இல்லை. சுற்றிலும் உள்ள ஏரிகள் ஊரார் கரை போட்டு மழையை மறித்தவை. ஆகவே இங்கே ஏரிக்குக் கணக்கு உண்டு.

2017 கோடையில், பொம்மசந்திராவும் அடங்கிய ஆனேக்கல் வட்டத்தில், கியாலசனஹள்ளியின் 36 ஏக்கர் ஏரி வறண்டு கிடந்தது. சன்சேரா நிறுவனப் பொறியாளராக இருந்த ஆனந்த் மல்லிகவாட், அந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு அதைத் தூர் வாரினார். செலவு சுமார் 1.17 கோடி ரூபாய், 45 நாள், ஏறக்குறைய 4 லட்சம் கன மீட்டர் மண்.

ஏக்கருக்கு 3.25 லட்சம். கன மீட்டருக்கு 29 ரூபாய் சொச்சம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னாவது இருக்கும். அதை அள்ளிப் போட இரண்டு டீ காசு! அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பாமல் கரைக்கும், ஏரிக்குள்ளேயே பறவைகள் தங்கும் திட்டுகளுக்கும் போட்டார்கள். செலவு குறைந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பேன்.

2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்தது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள், சுமார் 7,160 கோடி. மீட்டருக்கு 37 லட்சத்துக்கு மேல். ஓர் ஏரியை மீட்ட பணத்தில் மூன்று மீட்டர் பாதைதான் போட முடியும். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரிக்குப் பணமில்லை என்ற பேச்சு இனி எடுபடாது என்கிறேன்.

தோண்டிய பள்ளம் சராசரியாக 2.75 மீட்டர். பெங்களூரில் ஆண்டு மழை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏரிமேல் நேராகப் பெய்வதை மட்டும் நம்பினால், ஆவியாகிப் போவதைக் கழிக்காமலே பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிறையும். மிச்சமெல்லாம் ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் வரத்துக்கால்வாயில்தான் வந்தாக வேண்டும். அது அடைபட்டால் ஏரி காயும். அதில் சாக்கடை ஓடினால் ஏரி சாக்கடையாகும்.

பக்கத்துச் சந்தாபுரா ஏரிக்கு நேர்ந்தது இரண்டாவது. வீட்டுச் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்க விட்டதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. கியாலசனஹள்ளிச் செலவால் வகுத்துப் பார்த்தேன்: 427 ஏரிகள்.