மஞ்சள் அலரி நஞ்சும் இதயத் துடிப்புச் சீரின்மைக்கான மருந்துச் சோதனைகளும்

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சள் அலரி நஞ்சினால் தோன்றும் இதயத் துடிப்புச் சீரின்மைக்கு இலங்கையில் நடத்தப்பட்டு, 2000 முதல் 2008 வரை வெளியிடப்பெற்ற மருந்துச் சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது. துடிப்பைச் சீராக்குதல், உயிரைக் காத்தல் ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதையும், சோதனையில் வென்ற மருந்து விலையினால் நோயாளியைச் சேராமற்போனதையும் இது எடுத்துரைக்கிறது. அதே செடி வளரும் நாஞ்சில் நாட்டுக்கு அச்சோதனைகள் எவ்வகையில் பொருந்துகின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அலரி, அரளி, இதயத் துடிப்புச் சீரின்மை, எதிர்ப்பொருள், சமவாய்ப்புச் சோதனை, நாஞ்சில் நாடு.

முன்னுரை

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்ப்பதென முடிவு செய்தது. கேரளத்தில் நிகழ்ந்த ஓர் இறப்பும் அதனையொட்டி எழுந்த ஐயமும் இம்முடிவுக்குக் காரணங்களாயின. கேரளத்திற்குப் பூ அனுப்பும் தோவாளைச் சந்தைக்கு இது அயலூர்ச் செய்தியன்று. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் கொண்டு மாணிக்க மாலை மடிக்கும் ஊர் அது. அரளியில் நஞ்சு உண்டா என்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. அந்நஞ்சு உடலில் சேர்ந்தவரைக் காக்க மருந்து உண்டா, அம்மருந்து முறையாகச் சோதிக்கப்பட்டதா என்னும் வினாக்கள் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

இவ்வினாக்களுக்கான விடை தமிழ் வழங்கும் மற்றொரு நிலத்திலிருந்து, இலங்கையிலிருந்து கிடைக்கிறது. அதனைக் காணுமுன் பெயர்க் குழப்பம் ஒன்றை நீக்குதல் வேண்டும். நாஞ்சில் நாட்டார் ‘அரளி’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘அலரி’ என்பர். இலக்கியங்களும் நிகண்டுகளும் கணவீரம், கரவீரம் எனக் குறிப்பது செவ்வலரி, வெள்ளலரி வகையாகிய பழைய செடியையே. மாலைக்குப் பயன்படுவதும் அதுவே. வேலியோரத்தில் மணி போன்ற மஞ்சள் பூக்களுடன் நிற்கும் மஞ்சள் அலரி வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகவே, பழந்தமிழ் நூல்களில் வரும் அலரியை மஞ்சள் அலரியாகக் கொண்டு பொருள் உரைப்பது பொருந்தாது. தாவரவியல் நோக்கில் இவை இரண்டும் ஒரே குடும்பத்தின. செவ்வலரியில் ஒலியாண்ட்ரினும் மஞ்சள் அலரியில் தெவெட்டின், பெருவோசைடு முதலியனவும் உள்ளன. பெயர்கள் வேறாயினும் இதயத்தில் இவை செய்யும் வேலை ஒன்றே.

நஞ்சு இதயத்தில் இயங்கும் முறை

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்கும் ஏற்றி ஒன்று உண்டு. அலரி நஞ்சு அதனை அடைத்துவிடுகிறது. உள்ளே சோடியம் மிகுகிறது; அதன் தொடர்ச்சியாகக் கால்சியமும் மிகுகிறது; குருதியில் பொட்டாசியம் உயர்கிறது. வேகஸ் நரம்பின் தாக்கமும் கூடுவதால் துடிப்பு மெலிந்து, மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் இடையில் தடைப்படுகிறது. சிலருக்குத் துடிப்பு நிமிடத்திற்கு நாற்பதுக்கும் கீழே இறங்கும். சிலருக்குத் தாறுமாறாக விரையும். நோயாளி நினைவுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு மாறிவிடலாம் என்பதே இந்நஞ்சின் கொடுமை.

மேற்கூறிய செயலை அளவோடு பயன்படுத்தினால் அதுவே மருந்தாகும். 1785இல் வில்லியம் விதரிங் நூலெழுதி அறிமுகப்படுத்திய டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்த டைகாக்சின், மேலறை நடுக்கமுடைய நோயாளிகளின் துடிப்பு வேகத்தைக் குறைக்க இன்றும் தரப்படுகிறது. மஞ்சள் அலரியின் பெருவோசைடும் 1960களில் இந்தியாவில் இதயச் செயலிழப்புக்கு மருந்தாகவே சோதிக்கப்பட்டது. சீரின்மையை ஆற்றும் பொருளும் அதனை உண்டாக்கும் பொருளும் ஒரே வகையின என்ற இந்த ஒப்புமைதான் பின்னர் முறிவு மருந்துக்கும் வழி திறந்தது.

யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை

1980களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அலரி நச்சு நோயாளிகள் மிகுந்தனர். அங்குப் பணியாற்றிய சரவணபவானந்தன், கணேசமூர்த்தி ஆகியோர் 170 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1988இல் பன்னாட்டுத் தடயவியல் இதழொன்றில் வெளியிட்டனர். தமிழ் மருத்துவர்கள் தம் சொந்த வட்டார நோயைப் பன்னாட்டு அரங்கில் பதிவு செய்த இவ்வாய்வு, தமிழியல் வட்டாரத்தில் உரிய கவனம் பெறவில்லை. நஞ்சுண்டு வருவதன் பின்னுள்ள சமூகக் காரணங்கள் தனி ஆய்வுக்குரியவை. இங்கு மருத்துவம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அந்நாளில் மருத்துவருக்கு இருந்த கருவிகள் சிலவே. துடிப்பை உயர்த்த அட்ரோப்பின் ஊசி. அது போதாதபோது, நரம்புவழிக் கம்பி செலுத்தி இதயத்தைத் தூண்டும் தற்காலிக பேஸ்மேக்கர். பின்னது பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இயலும். எனவே, வட்டார மருத்துவமனையில் துடிப்பு சீர்கெட்ட நோயாளி ஆம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். வழியிலேயே இறந்தவரும் உண்டு.

இந்நிலையில் டைகாக்சின் நச்சுக்கு உருவாக்கப்பட்ட முறிவு மருந்தின் மீது கவனம் சென்றது. ஆடுகளுக்கு டைகாக்சினைப் புரதத்துடன் இணைத்துச் செலுத்தினால் அவற்றின் குருதியில் அதற்குரிய எதிர்ப்பொருள் உருவாகும். அதனைப் பிரித்தெடுத்து, பப்பாளிப் பாலிலுள்ள பப்பெய்ன் நொதியினால் வெட்டினால் நஞ்சைப் பற்றும் சிறு துண்டு கிடைக்கும். இத்துண்டு நஞ்சைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறிவிடும். 1976இலேயே அமெரிக்காவில் டைகாக்சின் நச்சுக்கு ஆட்பட்ட நோயாளியிடம் இது வெற்றி கண்டது. அலரி நஞ்சு டைகாக்சினின் உறவே எனினும் அதுவேயன்று. வேறொரு பூட்டுக்குச் செய்த சாவி இப்பூட்டையும் திறக்குமா என்பதே வினா.

கொழும்பு தேசிய மருத்துவமனையில் மைக்கேல் எடில்ஸ்டன் உள்ளிட்ட குழுவினர் இதனைச் சோதித்தனர். முதலில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதைக் கண்டறியும் முன்னாய்வு நடந்தது. பின்னர், கடுமையான துடிப்புச் சீரின்மையுடன் வந்த 66 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 34 பேருக்கு 1,200 மில்லிகிராம் எதிர்ப்பொருள் துண்டும், 32 பேருக்கு வெற்று உப்புநீரும் தரப்பட்டன. யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யாமையே இம்முறையின் உயிர்நாடி. நிலை மோசமானவருக்குப் புது மருந்து, நலமுடையவருக்கு உப்புநீர் என்று இரக்கத்தால் பகிர்ந்தால் முடிவு பிழைபட்டுப்போகும்.

2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான முடிவு தெளிவானது. இரண்டு மணி நேரத்தில், மருந்து பெற்றவர்களுள் 15 பேருக்குச் சீரின்மை முற்றிலும் நீங்கியது. உப்புநீர் பெற்றவர்களுள் இருவருக்கே நீங்கியது. மருந்துக் குழுவில் சராசரித் துடிப்பு நிமிடத்திற்கு 49.1இலிருந்து 66.8ஆக உயர்ந்தது; மற்றதில் 50.6 என்பது 51.5 ஆனது, அவ்வளவே. மருந்துக் குழுவில் மட்டும் குருதியில் உயர்ந்திருந்த பொட்டாசியமும் இறங்கியது. அடைபட்ட ஏற்றி மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

துடிப்பும் உயிரும்

இவ்விடத்தில் நின்று நோக்கவேண்டிய ஒன்றுண்டு. மேற்கண்ட சோதனை அளந்தது துடிப்பையே, இறப்பையன்று. துடிப்பு சீரானால் உயிர் பிழைக்கும் என்று கொள்வது இயல்பு. ஆனால் அவ்வாறு கொண்டதால் மருத்துவ உலகம் ஒருமுறை பெரும் பிழை செய்தது. மாரடைப்பு கண்டு தேறியவர்களுக்குத் தோன்றும் மிகைத் துடிப்புகளை அடக்க எங்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்னும் மருந்துகள் தரப்பட்டு வந்தன. அவை துடிப்பை நன்கு அடக்கின. அமெரிக்காவை மையமாகக் கொண்டு ‘காஸ்ட்’ என்னும் சோதனை நடத்தப்பட்டபோது, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்தது தெரியவந்தது. மின்வரைபடத்தில் கோடு அழகாயிற்று, நோயாளி இறந்தார். 1989இல் இது வெளிப்பட்டதுமுதல், துடிப்பு மருந்தைத் துடிப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது என்பது விதியாயிற்று.

அவ்வாறாயின் கொழும்புச் சோதனை ஏன் இறப்பை அளக்கவில்லை? எண்ணிக்கைதான் காரணம். நூற்றுக்கு எட்டுப் பேர் இறக்கும் நோயில் அதனை நான்காகக் குறைக்கும் மருந்து ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவ்வேறுபாட்டை உறுதியாகக் காண, வழக்கமான புள்ளியியல் கணக்கின்படி ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 550 பேர் வேண்டும். 66 பேரிடம் அதனைக் கேட்க முடியாது. எனினும் இரு மருந்துகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ‘காஸ்ட்’ மருந்துகள் துடிப்பு என்னும் அறிகுறியை அடக்கின. எதிர்ப்பொருளோ சீரின்மையின் காரணமாகிய நஞ்சையே நீக்குகிறது. ஆதலால் கொழும்பு முடிவின் மீது நம்பிக்கை கொள்வதற்குக் கூடுதல் நியாயம் இருந்தது.

விலை என்னும் தடை

இறப்பைப் பற்றிய சான்று பின்னர் வந்தது; யாரும் விரும்பாத வழியில் வந்தது. ஒரு நோயாளிக்கான மருந்தின் விலை சுமார் 2,650 அமெரிக்க டாலர். 2002இல் இலங்கைக்கு அம்மருந்து கிடைப்பது நின்றது. மருத்துவமனைகள் மீண்டும் அட்ரோப்பினுக்கும் பேஸ்மேக்கருக்கும் திரும்பின. இறப்பு விகிதம் உயர்ந்தது. வாங்கத்தக்க விலையில் முறிவு மருந்து இல்லாமையால் நேர்ந்த இறப்புகள் என்றே இதனைக் குறித்து 2003இல் எடில்ஸ்டன் குழுவினர் லான்செட்டில் எழுதினர். எந்த அறக்குழுவும் ஒப்புதல் தரவியலாத ஒரு சோதனையைச் சந்தை நடத்திக் காட்டியது எனலாம்.

மலிவான மாற்று தேடப்பட்டது. மருத்துவக் கரி குடலில் நஞ்சைப் பற்றிக்கொள்ளும். பலமுறை கொடுத்தால் பித்தநீர் வழியே மீண்டும் குடலுக்கு வரும் நஞ்சையும் பற்றும். ஜானக டி சில்வா முதலியோர் 401 பேரிடம் நடத்திய சோதனையில், கரியைத் திரும்பத் திரும்பப் பெற்ற 201 பேரில் 5 பேரும், ஏனைய 200 பேரில் 16 பேரும் இறந்தனர். 2003இல் இம்முடிவு வெளியானபோது சிக்கல் தீர்ந்ததெனத் தோன்றியது. ஆனால் 2008இல் வெளியான, 4,632 நச்சு நோயாளிகளை உட்கொண்ட மிகப்பெரிய சோதனை வேறுவிதமாகச் சொன்னது. பலமுறை கரி பெற்றவர்களில் 6.3 விழுக்காட்டினரும் கரியே பெறாதவர்களில் 6.8 விழுக்காட்டினரும் இறந்தனர். அலரி நஞ்சுண்டவர்களைத் தனியே பிரித்து நோக்கியபோதும் பயன் தெரியவில்லை.

இரண்டும் முறையாக நடந்த சோதனைகளே. முதலாவதில் கரி ஆறு மணிக்கொருமுறை மூன்று நாள்களும், இரண்டாவதில் நான்கு மணிக்கொருமுறை ஆறு தடவையும் தரப்பட்டது. இவ்வேறுபாடு காரணமாகலாம். முதற்சோதனையின் முழு வெற்றியும் 11 இறப்புகளின் வேறுபாட்டில் நின்றது என்பதும் கருதத்தக்கது. சிறு எண்ணிக்கையில் தற்செயலின் பங்கு பெரிது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டி மற்றதை விடுக்கும் கட்டுரைகளை வாசகர் ஐயத்துடன் அணுகுதல் நன்று.

நாஞ்சில் நாட்டுக்குப் பொருந்துமாறு

தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளிலும் அதற்கப்பாலும் மஞ்சள் அலரி வேலிச் செடியாகவும் கோயில் நந்தவனச் செடியாகவும் நிற்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளமையால், கொழும்புக்கு அனுப்பப்பட்ட இலங்கை நோயாளி கடந்த தொலைவு இங்கில்லை. பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பகுதிகளுக்கு மட்டும் இக்கூற்று முழுமையாகப் பொருந்தாது. அறிகுறி இல்லாதவரையும் ஒரு நாள் முழுவதும் மின்வரைபடக் கண்காணிப்பில் வைத்தல் வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று உறவினர் அழைத்துச் செல்லும் நேரமே ஆபத்தான நேரம். நாட்டு முறையில் வாந்தி வரச்செய்து காத்திருப்பதும் அந்நேரத்தை இழப்பதேயாகும்.

முறிவு மருந்து இந்தியாவிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆயின் இதனை எட்டாப் பொருளாகக் கருதுவதற்கில்லை. குதிரைகளிடமிருந்து பாம்புக்கடி மருந்தை உருவாக்கிக் குறைந்த விலையில் வழங்கும் நிறுவனங்கள் இந்நாட்டில் நெடுங்காலமாக இயங்குகின்றன. ஆட்டின் குருதியிலிருந்து அலரி முறிவு மருந்தைப் பெறும் வழியும் அடிப்படையில் அதுவே. டைகாக்சினை விடுத்துத் தெவெட்டினையே கொண்டு எதிர்ப்பொருளை உருவாக்கினால் பிடிப்பு இறுகும், தேவைப்படும் அளவும் குறையலாம் என எதிர்பார்க்க இடமுண்டு. அவ்வாறு உருவாகும் மருந்தைக் கொழும்பு முடிவைக் காட்டி அப்படியே ஏற்க இயலாது. அது புதுப்பொருள், அளவறி முன்னாய்விலிருந்து தொடங்கவேண்டும். நோயாளி முதலில் வந்து சேரும் வட்டார, மாவட்ட மருத்துவமனைகளில், இரண்டு மணி நேரத் துடிப்பை மட்டுமன்றி வீடு திரும்பியோரின் எண்ணிக்கையையும் அது அளக்கவேண்டும். ஒரு மாவட்டத்தின் நோயாளிகள் அதற்குப் போதார். தென்தமிழகம், கேரளம், இலங்கையின் வடக்கு ஆகியவற்றின் மருத்துவமனைகள் ஒரே நெறிமுறையின்கீழ் இணைந்தாலன்றி, முன்னர்க் கணக்கிட்ட ஆயிரத்து நூறு பேர் என்னும் எண்ணிக்கையை எட்டுவது அரிது.