கூரையிலிருந்து இறங்கும் ஒளி

1956-ஆம் ஆண்டில் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' என்னும் வங்காளத் திரைப்படத்தில், காசி நகரத்து வீட்டு முற்றத்திலே மேலிருந்து மெல்லெனப் பரவும் பகல் வெளிச்சம் சூரியனுடையதன்று என்றால் எவருக்கும் நம்புவது கடினமே. மழைக்கு அஞ்சிக் கல்கத்தாவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் அமைக்கப்பட்ட அம்முற்றத்தின் மேல், ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா, ஆகாயத்துக்குப் பதிலாக வெள்ளைத் துணியொன்றை விரித்துக் கட்டி, விளக்குகளை நடிகர்களின் முகத்துக்கு நேரே நிறுத்தாமல் அத்துணியை நோக்கித் திருப்பி, அதிலே பட்டுச் சிதறி இறங்கிய பிரகாசத்தைக் கொண்டே படம் பிடித்தார்.

இதன் சூட்சுமம் எளியது. ஒளி புறப்படும் பரப்பு சிறிதானால் நிழல் கூர்மையாய் விழும். பரப்பு விரிந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். காமிராவின் தலைமேலுள்ள பிளாஷ் விளக்கோ மிகச் சிறியது. தூரம் இரட்டித்தால் அதன் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குன்றுமாதலால், கல்யாண வீட்டில் முன்வரிசையினர் சுண்ணாம்பு பூசியவர்போல் வெளுக்க, பின்னாலிருப்பவர் அந்தகாரத்தில் மறைவதும், அந்தப் படத்தையே 'பிரமாதம்' என்று நாம் ஆல்பத்தில் ஒட்டிவைப்பதும் வழக்கமாகிவிட்டன.

ஆகவே, பிளாஷின் தலை திரும்பக்கூடியதாயின், வெள்ளையடித்த கூரையை நோக்கி அதைச் சாய்த்துவிடுங்கள். வழியிலே ஒளியின் பெரும்பகுதி நஷ்டமாகும். அதற்கு ஈடாக லென்ஸின் துவாரத்தை அகலத் திறக்கவேண்டும். கூரை பச்சை வர்ணமாயிருந்தால் மட்டும் இந்த உபாயம் வேண்டாம், முகங்களும் பச்சையாகிவிடும்.