கோவேறு கழுதை இழுத்து வந்த இன்டர்நெட்! தெரியுமா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே மெக்கீ என்றொரு குட்டி ஊர். ஜனத்தொகை 800 சொச்சம்தான். ஊருக்கே ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல்! ஆனால் அங்கே நெட் வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 1 ஜிகாபிட்! அந்த வட்டாரத்து டெலிபோன் கூட்டுறவுச் சங்கம் சுமார் 1,600 கிலோமீட்டருக்கு ஃபைபர் கேபிள் போட்டுவிட்டது. வண்டி ஏறவே முடியாத சரிவுகளில் கேபிளை இழுத்தது யார்? 'ஓல்டு பப்' என்ற கோவேறு கழுதை!

கம்பெனிக்காரன் வராவிட்டால் என்ன, நாமே பள்ளம் தோண்டுவோம் என்று ஊரே கிளம்பினால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் நிஜமாகவே கிளம்பினார்கள்! 2011-இல் 'பார்ன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் காண்டர் யார்? ஒரு விவசாயியின் மனைவி! ஆடு மேயும் நிலங்களின் வழியே கேபிள் போக விவசாயிகள் இலவசமாக இடம் விட்டார்கள். பள்ளம் தோண்டினால் மீட்டருக்கு ஒன்றரை பவுண்டு. அதுவும் ரொக்கமாக இல்லை, நிறுவனத்தின் பங்காக! தோண்டியவரே முதலாளி! போதாததற்கு கேக் உபசாரம் வேறு. மாதம் 30 பவுண்டுக்கு வீட்டுக்கு வந்த வேகம்? அதே 1 ஜிகாபிட்! நம்மூர் நூறு நாள் வேலையில் இதையும் சேர்த்தால் என்ன என்று தோன்றுகிறதல்லவா?

இப்போது இந்தக் கணக்கைக் கேளுங்கள். சாட்டிலைட்டை நம்பியிருந்த லட்சத்தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து இருந்த நெட் வேகம் வெறும் 1.7 ஜிகாபிட்! அந்த லங்காஷயர் பண்ணை வீடுகள் இரண்டுக்குக்கூடப் பற்றாது! 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போய்ச் சேர்ந்தது. ஒரே தாவலில் 200 ஜிகாபிட்!

அமெரிக்கக் கடற்படை நம் மீனவர்களுக்கு அலை நிலவரம் சொன்னது தெரியுமா? 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துச் சில கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. பிராட்பேண்ட் எல்லாம் கனவிலும் இல்லாத காலம்! டெலிபோன் லைனும் வயர்லெஸ் ரேடியோவும்தான் கைகொடுத்தன. வங்கக் கடலில் அலை எத்தனை உயரம் எழும் என்று அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் சொல்லும். அதை எடுத்துத் தமிழில் எழுதி, வீராம்பட்டினம் குப்பத்தில் ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான தகவல் நம்மூர்க் கட்டுமரத்துக்கு!

அந்தத் திட்டத்தின் ஒலிபெருக்கி பிறகு இன்னோர் ஊரில் என்ன செய்தது தெரியுமா? 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த, புதுச்சேரி நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டுப் பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டார். உடனே அதே திட்டத்தில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்!" என்று அறிவிப்பு. சுமார் 3,600 பேர் வாழும் ஊர். ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. போன உயிர்கள்? ஒன்றுகூட இல்லை!

மரத்தின் உச்சியில் வைஃபை! நம்ப முடிகிறதா? நேபாள மலைக் கிராமமான நாங்கிக்கு நெட் கொண்டுவர 2001-இல் பிபிசிக்கே உதவி கேட்டு எழுதினார் ஆசிரியர் மகாவீர் புன். வெளிநாட்டுத் தொண்டர்கள் ஓடி வந்தார்கள். மாவோயிஸ்ட் கிளர்ச்சிக் காலம் என்பதால் வயர்லெஸ் கருவிக்குத் தடை. கருவிகள் ரகசியமாகத்தான் வந்து சேர்ந்தன! கோபுரம் கட்டக் காசில்லை, மரத்தில் கட்டினார்கள். கம்ப்யூட்டர்களோ மரப்பெட்டிக்குள் பொருத்தியவை! 2007-இல் அவருக்கு மகசேசே விருது.

வீட்டு வைஃபை அடுத்த அறைக்கு எட்டவில்லை என்று புலம்புபவரா நீங்கள்? 2007-இல் வெனிசுலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி, மலையுச்சிக்கு மலையுச்சி எவ்வளவு தூரம் வைஃபை அனுப்பினார் தெரியுமா? 382 கிலோமீட்டர்! சென்னையில் ரவுட்டரை வைத்தால் திருச்சியையும் தாண்டிவிடும்! அதற்கு மென்பொருள் கொடுத்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழு யார் தெரியுமா? நம் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமக் கண் மையங்களையும் வைஃபையால் இணைத்த அதே குழு! கிராமத்து நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து டாக்டரிடம் வீடியோவில் பேசினார்.

வானத்திலிருந்து நெட் பொழியுமா? கூகுள் முயன்று பார்த்தது! 2013-இல் நியூசிலாந்தில் 'லூன்' பலூன்களைப் பறக்கவிட்டது. சுமார் 20 கிலோமீட்டர் உயரம்! ஒரு பலூன் 312 நாள் இறங்காமலே மிதந்தது! 2016-இல் ஒன்று இலங்கையின் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து இறங்கிவிட்டது! 2021-இல் கடையைக் கட்டினார்கள். காசு கட்டுப்படியாகவில்லை.

புறாவிடம் தோற்ற நெட் தெரியுமா? 2009, தென்னாப்பிரிக்கா. வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டு. 80 கிலோமீட்டரை 1 மணி 8 நிமிடத்தில் பறந்து முடித்தது! கார்டிலிருந்து தகவலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் சேர்த்து 2 மணி 7 நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பிராட்பேண்ட் அனுப்பி முடித்தது? வெறும் 4 சதவீதம்!

வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமம். தினமும் காலை 7 மணி அடித்தால் ஊர் முழுக்க நெட் படுத்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 18 மாதம்! கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள், ம்ஹூம். 2020-இல் கொட்டும் மழையில், விடிகாலை 6 மணிக்கே கருவியும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள் இன்ஜினியர்கள். 7 மணிக்கு மாட்டியது குற்றவாளி! ஒரு வீட்டில் தினமும் அந்த நேரத்துக்குப் போடும் பழைய டிவி கிளப்பிய மின் இரைச்சல்தான் அத்தனைக்கும் காரணம்! விஷயம் தெரிந்ததும் வெட்கிப்போன வீட்டுக்காரர், இனி அந்த டிவியைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்!