சந்தேகம் தீர்க்கப் புறப்படுமுன்

கணவன் மனைவியருக்குள் சந்தேகம் புகுந்துவிட்டால், உறக்கமும் ஆகாரமும் கெட்டு, எவ்வளவு செலவானாலும் உண்மையை அறிந்துவிட வேண்டுமென்ற தாபத்தில், அநேகர் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே தனியார் துப்பறியும் நிறுவனத்தின் படியேறி விடுகிறார்கள். அவர்களுடைய வேதனை மெய்யானது; ஆனால் அந்த வேளையில் எடுக்கும் முடிவோ பல சமயம் வேதனையை இரட்டிப்பாக்கி விடுகிறது.

நம் தேசத்தில் காவற்காரர்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005-இல் சட்டம் வந்தது. துப்பறிவோரை நெறிப்படுத்த 2007-இல் ராஜ்ய சபையில் கொணர்ந்த மசோதாவோ நிறைவேறவே இல்லை. ஆதலால் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்மீதோ, கிடைத்த படங்களைக் காட்டி மேலும் பணம் கேட்டு மிரட்டுகிறவர்மீதோ புகார் செய்ய இத்தொழிலுக்கென்று தனி அதிகாரி எவரும் இல்லை. போலீஸுக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோதான் போக வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தமும் முறையான ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

"போன் நம்பரை மட்டும் சொல்லுங்கள், யாரிடம் பேசினார் என்ற லிஸ்ட் நாளைக்கே வந்துவிடும்" என்று ஒருவர் சொல்வாரானால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக விற்றதற்காக மகாராஷ்டிரத்தின் தாணேயில் 2018-இல் துப்பறிவோர் கைதாகியிருக்கிறார்கள். கணினியிலோ போனிலோ அனுமதியின்றிப் புகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். ஒரு ஸ்திரீயின் இணைய உபயோகத்தையும் மின்னஞ்சலையும் வேவு பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. ஏவியவரும் இதில் தப்ப முடியாது.

இத்தனை அபாயத்தோடு பெறும் ருசு எதற்குப் பயன்படும்? பிறன்மனை உறவு 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் குற்றமல்லவென்று ஆகிவிட்டது. விவாகரத்துக்குக் காரணமாகவும் ஜீவனாம்ச விவகாரத்திலும் மட்டுமே அது முக்கியம். மனைவியின் சம்மதமின்றிக் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களை, அந்தரங்க உரிமையை மீறியவை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் நிராகரித்தது. தம்பதிகளுக்குள் நடந்த பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்ததை ஏற்கலாமென்று உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியது மெய்யே. எனினும் கூலிக்கு அமர்த்திய மூன்றாமவர் திருடித் தரும் விவரத்துக்கு அத்தீர்ப்பு கேடயமாகுமென்று நம்பிவிடலாகாது. ஹோட்டல் பதிவேடோ அழைப்பு விவரமோ அவசியமானால், அவற்றை வரவழைக்கும்படி குடும்ப நீதிமன்றத்திலேயே வக்கீல் மூலம் மனுச் செய்யலாம் என்பதைப் பலர் அறியார்.

வேவு பார்க்கப்படுகிறவருக்கும் உரிமை உண்டு. ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் ஜிபிஎஸ் கருவியோ, போனில் தாம் போடாத செயலியோ தென்பட்டால், ஆத்திரத்தில் அழித்துவிடாமல், படமெடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

துப்பறிவாளருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை எடுக்குமுன், 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்; பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், அங்கே சட்ட உதவி இலவசம்.